பெரிய சைஸ் வாங்கியும் போகாத பெருவிரல் வலி: ஒரு பாயிண்ட் ஷூ பொருத்தத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாலேயில் விரல் நுனியில் நின்று ஆடப் போடும் பாயிண்ட் ஷூவுக்குப் பொருத்தம் பார்ப்பது என் வேலை. என்னிடம் வந்த மாணவிக்கு அப்போது வயது 14. வாரத்தில் நான்கு பாலே வகுப்பு. பாயிண்ட் ஷூ போடத் தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. ஆசிரியை அவசரப்படுத்துகிறவர் அல்ல. நடன மருத்துவம், அறிவியலுக்கான பன்னாட்டுச் சங்கம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 12 வயதுக்கு முன் பாயிண்ட் வேண்டாம் என்கிறது. வயதோடு நிற்காமல் உடல்நடுவின் வலு, கணுக்கால் உறுதி, பாதம் எவ்வளவு நீள்கிறது, வாரத்தில் எத்தனை வகுப்பு என்றெல்லாம் பார்க்கவும் சொல்கிறது. இந்தப் பெண் அவற்றில் எதிலும் பின்தங்கியவள் அல்ல. ஒற்றைக்காலில் ஏறி இறங்குவதை ஒரு முறை செய்துகாட்டச் சொன்னேன், ஆட்டமில்லை. ‘கால் இன்னும் தயாராகவில்லையோ’ என்ற சந்தேகத்தை அங்கேயே விட்டுவிட முடிந்தது.

முதல் ஜோடி தொல்லை தராமல் உழைத்தது. இரண்டாவது ஜோடி போட்ட சில மாதங்களில் பெருவிரல் நுனியில் வலி. வீட்டில் எடுத்த முடிவு எந்தப் பெற்றோரும் எடுக்கக்கூடியதுதான்: வளர்கிற வயது, கால் பெரிதாகியிருக்கும், பெரிய சைஸ் வாங்குவோம். கடையில் அவளை உட்காரவைத்தும் தரையில் நிற்கவைத்தும் பார்த்து, நீளத்தில் அரை சைஸும் அகலத்தில் ஒரு படியும் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சப்போர்ட் வேண்டும் என்று அடியில் கடினமான விறைப்புப் பட்டை (ஷாங்க்). வலிக்காமல் இருக்கத் தடித்த ஜெல் பேட். இந்த மூன்றாவது ஜோடியைப் போட்ட ஐந்தாவது வாரத்தில் இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்தன. வலதுகால் மோசம்.

“பெரிய சைஸ் வாங்கியும் வலிக்குதுன்னா இன்னும் பெருசா வேணுமா சார்?” என்று தாய் கேட்டார். ஆசிரியை அனுப்பிய குறிப்பில் வேறொன்று இருந்தது: குதிகாலை உயர்த்தி நுனியில் ஏறும்போது (ரெலவே) குதிகால் பக்கம் துணி தொளதொளவென்று நிற்கிறது. தாய் கேட்ட கேள்விக்கான பதில் ஏறக்குறைய முழுக்கவே அந்த ஒரு வரியில் இருந்தது.

பழைய ஷூவில் கண்டவை

காலைப் பார்ப்பதற்கு முன்பு ஷூவைப் பார்ப்பது என் வழக்கம். பிள்ளைகள் வலியை மறைப்பார்கள். தேய்ந்த சாட்டின் மறைக்காது.

படிக்கிறவர்களுக்காக உறுப்புகளின் பெயர்களை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். விரல்களைச் சுற்றியிருக்கும் கெட்டியான கூடு பாக்ஸ். அதன் தட்டையான நுனி பிளாட்ஃபார்ம். நிற்பது அதன் மேல்தான். பாக்ஸின் பக்கச் சுவர்கள் விங்ஸ். விரல்களுக்கு மேலே மூடுகிற பகுதி வேம்ப். அடிப்பாதத்தின் கீழ் உள்ளே ஓடும் விறைப்பான பட்டை ஷாங்க்.

இவளது ஷூவில் பிளாட்ஃபார்மின் சாட்டின் நடுவில் தேயவில்லை. அடித்தோல் பக்க விளிம்பில், அதுவும் பெருவிரல் இருக்கும் மூலையில், பிறை வடிவில் கிழிந்து உள்ளே இருந்த துணி தெரிந்தது. அதாவது அவள் பிளாட்ஃபார்மின் முழுப் பரப்பில் ஏறவே இல்லை, பின்விளிம்பிலேயே தங்கியிருக்கிறாள். வலது ஷூவின் ஷாங்க் பாதத்தின் நேர்கோட்டை விட்டு ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தது. பாக்ஸ் பாதத்தைச் சரியாகப் பிடிக்காதபோது வழக்கமாகத் தெரியும் அடையாளம் அது. ஜெல் பேடை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பெருவிரல் இருந்த இடத்தில் மட்டும் ஆழமான குழி. மற்ற நான்கு விரல்கள் வந்துபோன சுவடே இல்லை. ஐந்து விரலும் பகிர வேண்டிய வேலையை ஒரு விரல் செய்திருக்கிறது.

குதிகால் தொளதொளப்பை அடக்கச் சுருக்குநாடாவை இறுக்கி இழுத்து, குதிகாலுக்கு மேலே தசைநார் ஓடும் இடத்தில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் தோல் சிவந்து தடித்திருந்தது. பெருவிரலைப் பற்றியே எல்லோரும் பேசியதால் இதை யாரும் கவனித்திருக்கவில்லை.

இன்னொரு சாத்தியத்தையும் விலக்க வேண்டியிருந்தது. பாரம்பரிய முறையில் செய்யும் பாக்ஸ் என்பது மரமோ பிளாஸ்டிக்கோ அல்ல; துணி, சாக்கு, காகிதம் போன்றவற்றைப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்தது. வியர்வையும் சூடும் அந்தப் பசையை இளக்கும். ஒரு கட்டத்தில் பாக்ஸ் தாங்குவதை நிறுத்திவிடும். டெட் ஆகிவிட்டது என்பார்கள். மேடையில் முதன்மை வேடம் ஆடுபவர்கள் ஒரே நிகழ்ச்சியில் ஒரு ஜோடியைத் தீர்த்துவிடுவது உண்டு. டெட் ஆன ஷூவிலும் கால் உள்ளே அமிழும், பெருவிரல் இடிபடும். ஆகவே விங்ஸை இரு கட்டைவிரலாலும் அழுத்திப் பார்த்தேன். கெட்டியாகவே இருந்தது. ஷூவுக்கு இன்னும் ஆயுள் இருந்தது. கோளாறு பொருத்தத்தில்தான்.

காலின் அளவு

இருவகைப் பாதங்கள் உண்டு. சிலருடையது எலும்புக்கட்டு இறுகியது. எவ்வளவு அழுத்தினாலும் அகலம் குறையாது. சிலருடையது நெகிழும், பக்கவாட்டில் மெல்லப் பிடித்தாலே விரல் மூட்டுகள் நெருங்கி ஒடுங்கிவிடும். இவளுக்கு இரண்டாவது வகை. தரையில் நிற்கும்போது விரல் மூட்டுகளின் குறுக்கே 91 மி.மீ. கையால் இரு பக்கமும் அணைத்துப் பிடித்தபோது 84. ஏழு மில்லிமீட்டர் என்பது பாயிண்ட் ஷூவில் சின்ன வித்தியாசமல்ல. பல நிறுவனங்கள் அகலத்தை எக்ஸ் எழுத்தின் எண்ணிக்கையால் குறிக்கின்றன, எக்ஸ் கூடக்கூட அகலம் கூடும். நிற்கும் அளவை நம்பி இவளுக்கு நான்கு எக்ஸ் கொடுத்திருந்தார்கள்.

விரல்கள் எகிப்திய வகை: பெருவிரல் நீளம், அங்கிருந்து சுண்டுவிரல் வரை சரிவாக இறங்கும். குதிகால் ஒல்லி. பாத வளைவு நடுத்தரம், நன்றாக வளையும். வலதுகால் இடதை விட 3 மி.மீ. நீளம்.

பிறகு அந்த மூன்றாவது ஜோடியைப் போட்டு பாரை, அதாவது வகுப்பின் பிடிமானக் கம்பியை, பிடித்து நிற்கச் சொன்னேன், மிகக் கொஞ்ச நேரம் மட்டும். தரையில் நிற்கும்போது பார்க்க அழகாகப் பொருந்தியது. கடையில் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. முழங்காலைப் பாதி மடக்கும் டெமி-ப்ளியேயில் பாதம் விரிந்து நீளும், விரல் நுனி பாக்ஸின் முனையை மடங்காமல் தொட வேண்டும். இவளுக்குத் தொடவில்லை. பாயிண்டில் ஏறியதும் பாதம் சுருங்கும், குதிகாலில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் துணியைக் கிள்ள முடிவது இயல்பு. இவளுக்கு அதைப்போல இரு மடங்குக்கு மேல் கையில் வந்தது. விங்ஸுக்கும் பாதத்துக்கும் நடுவே என் சுண்டுவிரல் தடையில்லாமல் இறங்கியது.

பாயிண்டில் நிற்பவரின் எடை விரல் நுனியில் மட்டும் இறங்கக் கூடாது. பாக்ஸ் முன்பாதத்தைச் சுற்றிலும் கவ்விப் பிடித்து, எடையின் ஒரு பங்கைப் பக்கங்களில் வாங்கிக்கொள்ள வேண்டும். பாக்ஸ் அகலமானால் அந்தப் பிடி போய்விடும். பாதம் உரலில் விழும் உலக்கையாக ஒவ்வொரு ரெலவேக்கும் கீழே இறங்கிப் பெருவிரலால் தரையை இடிக்கும். வலிக்கிறது என்று மேலும் பெரியது வாங்கினால் மேலும் இறங்கும். தடித்த பேட் அந்த இடியைக் கொஞ்சம் மழுக்கும். அதோடு பேடுக்கு இடம் வேண்டுமே என்று அடுத்த ஷூவையும் அகலமாக வாங்கவைக்கும். இந்த வீட்டில் நடந்தது அதுதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, அன்று எதுவும் வாங்க வேண்டாம் என்பது. கறுத்த நகத்தோடு புது ஷூ போட்டுப் பார்த்தால் எதுவும் வலிக்கும்; சரியானதையும் தவறென்று சொல்லிவிடுவாள். மருத்துவரிடம் அனுப்பினோம். நகத்தடியில் ரத்தக்கட்டு, எலும்பில் சேதமில்லை என்றார். மூன்று வாரம் மென்காலணியில் மட்டும் வகுப்பு. ஆசிரியை உடனே சம்மதித்தார். மாணவிக்குத்தான் முகம் வாடியது.

மூன்று வாரம் கழித்து வந்தபோது அகலத்தை முதலில் தீர்ப்பது, நீளத்தைப் பிறகு தொடுவது என்ற வரிசையில் போனோம். அகலம் தளர்வாக இருக்கையில் நீளத்தைச் சரியாக மதிப்பிட முடியாது. கால் உள்ளே இறங்குவதால் நீளம் போதவில்லை என்றே தோன்றும்.

தாய்க்கு இது எளிதில் ஏறவில்லை. நகம் கறுத்த காலுக்கு இன்னும் ஒடுக்கமான ஷூவா என்று கேட்டார். நியாயமான கேள்வி. விளக்கிச் சொல்வதை விடப் போட்டுக் காட்டுவது மேல் என்று, அதே நீளத்தில் இரண்டு எக்ஸ் உள்ள ஜோடியைக் கொடுத்தேன். ஏறி நின்ற பெண் அம்மாவைப் பார்த்து, “கீழ இடிக்கலம்மா, சைடுல புடிச்சிருக்கு” என்றாள். அதற்குப் பிறகு விவாதம் இல்லை. ஆனாலும் குதிகாலில் துணி இன்னும் அதிகமாகவே மிஞ்சியது. நீளத்திலும் அரை சைஸ் குறைத்தோம். ப்ளியேயில் விரல்கள் முனையைத் தொட்டன, மடங்கவில்லை. அதாவது இரண்டாவது ஜோடியின் நீளத்துக்கே திரும்பியிருந்தோம்.

அடுத்தது வடிவம். முனை நோக்கிக் குறுகும் பாக்ஸ் எகிப்திய விரல்களுக்குப் பொதுவாக ஒத்துவரும். அப்படி ஒன்றில் வேம்ப் குட்டையாக இருந்தது. ஏறியதும் விரல் மூட்டுகள் மேலே பிதுங்கின, அவளும் பிளாட்ஃபார்மைத் தாண்டி முன்னால் சாய்ந்தாள். வேம்ப் சற்று நீண்டதும், பெருவிரல் அடிமூட்டை மூடுமளவு விங்ஸ் உயர்ந்ததுமான இன்னொன்றில் அந்தச் சாய்வு நின்றது. வேம்ப் அளவுக்கு மீறி நீண்டாலும் ஆபத்து. குதிகால் உயர்ந்து முன்பாதத்தில் நிற்கும் டெமி-பாயிண்ட் வழியாக உருண்டு ஏற முடியாமல் துள்ளி ஏறுவார்கள். இதில் அப்படி நேரவில்லை.

ஷாங்க் விஷயத்தில் கொஞ்சம் அதிகம் பேச வேண்டியிருந்தது. கடினமான ஷாங்க் என்றால் அதிகப் பாதுகாப்பு என்பது பரவலான நம்பிக்கை. பாதத்தின் வளைவோடு சேர்ந்து ஷாங்க் வளையாவிட்டால் அது பாதத்தைப் பின்னாலேயே பிடித்து நிறுத்தும். பிளாட்ஃபார்மின் பின்விளிம்பு மட்டும் தேய்ந்ததற்குக் காரணம் அது. பாலே நடனக்கலைஞர் மரி தாலியோனி 1832-இல் பாரிஸில் ‘லா சில்ஃபீத்’ ஆடியபோது ஷாங்க் என்று சொல்லத்தக்க ஒன்றே கிடையாது. சாட்டின் செருப்பின் ஓரத்திலும் நுனியிலும் ஊசியால் இழையோட்டியிருந்ததுதான் துணை. கெட்டியான பாக்ஸ் இத்தாலிய நடனக்காரர்களின் வழியாக அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. 1895-இல் ‘ஸ்வான் லேக்’கில் பியரீனா லென்யானி ஒற்றைக்காலில் 32 முறை (ஃபுவெத்தே) சுழன்றது அத்தகைய ஷூவில். காலின் பலம் முதலில், ஷூவின் பலம் பிறகு என்பது அன்றைக்கும் மாறவில்லை. இதற்காகத் தாலியோனிபோல மென்மையாகப் போடலாம் என்று பொருளல்ல. மென்மையான ஷாங்கையும் முயன்றோம். ஏறிய சில நொடிகளில் வளைவுக்குக் கீழே இளகி அவளைத் தொய்யவிட்டது. நடுத்தரத்தில் நின்றோம்.

வெப்பத்தால் இளகும் பாலிமரில் செய்த, வியர்வைக்கு அசையாத ஷூ வகையும் ஆலோசனையில் இருந்தது. கேனர் மின்டன் நிறுவனம் 1993 முதல் அப்படிச் செய்கிறது. நீண்ட ஆயுள் கவர்ச்சியானதுதான். ஆனால் கைவசம் இருந்த அளவுகளில் எதுவும் இவளது ஒல்லிக் குதிகாலுக்கு உட்காரவில்லை. பாக்ஸ், அகலம், ஷாங்க் மூன்றையும் ஒரே நாளில் மாற்றியிருக்கையில் மூலப்பொருளையும் மாற்றினால், நாளைக்கு ஏதாவது வலித்தால் எதைக் குற்றம் சொல்வது என்றும் தெரியாது.

தடித்த ஜெல் பேடை விட்டோம். மெல்லிய பேட் ஒன்று, பெருவிரலுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு சிறு ஸ்பேசர், குட்டையான இரண்டாம் மூன்றாம் விரல்களின் நுனியில் சிலிகான் நிரப்பி. குறிப்பாக அந்த நிரப்பியால் மற்ற விரல்களும் தரையைத் தொட்டு எடையில் பங்கெடுக்கத் தொடங்கின. இவை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டேதான் இறுதிப் பொருத்தம் பார்த்தோம். வெறுங்காலில் பொருத்திவிட்டு வீட்டில் பேட் சேர்ப்பது வேறொரு ஷூவை வாங்குவதற்குச் சமம்.

சுருக்குநாடா முடிச்சைக் குதிகால் தசைநாரின் மேலிருந்து பக்கவாட்டுக்கு நகர்த்தினோம். குதிகால் துணியை உள்ளே மடித்தால் விழும் மடிப்புக் கோட்டில் ரிப்பனைச் சற்று முன்சாய்வாகத் தைக்கச் சொன்னேன்.

தாய் இரண்டு ஜோடியாகவே வாங்கிவிட நினைத்தார். ஒன்று போதும் என்றேன். வளரும் காலுக்கு அலமாரியில் ஷூ சேர்க்கக் கூடாது.

அதன் பிறகு

முதல் வாரம் இரு கைகளும் பாரில், இரு கால்களிலும் ஏறி இறங்குவது மட்டும், வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம். புது ஷூவைப் பழக்கக் கதவிடுக்கில் நசுக்குவது, சுத்தியால் அடிப்பது போன்ற வைத்தியங்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். விங்ஸைக் கையால் இளக்குவதும், டெமி-பாயிண்டில் நடப்பதும் போதும். வகுப்பு முடிந்ததும் பேடை எடுத்துவிட்டுக் காற்றாட உலர்த்த வேண்டும்.

இரண்டாவது வாரம் இடது சுண்டுவிரல் மூட்டில் சிவப்புக் கோடு. தாய் தொலைபேசியில், “மறுபடியும் டைட்டா வாங்கிட்டோமோ?” என்றார். கேட்டது இரண்டே கேள்வி. ஷூவைக் கழற்றிய எவ்வளவு நேரத்தில் கோடு மறைகிறது? விரல் மரத்துப்போகிறதா? அரை மணிக்குள் மறைகிறது, மரத்துப்போவதில்லை என்றார்கள். அப்படியானால் அகலத்தைத் தொட வேண்டியதில்லை. அந்த ஒரு இடத்தில் மட்டும் பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு ஈரப்படுத்தி, காலில் போட்டுக்கொண்டே கட்டைவிரலால் அழுத்தி இளக்கினோம். அடுத்த வாரம் கோடு வரவில்லை. இந்த இடத்தில் பயந்து அகலமான ஜோடிக்குத் திரும்பியிருந்தால் பழைய சுற்றே மீண்டும் தொடங்கியிருக்கும்.

ஆறு வாரம் கழித்து ஷூவை வாங்கிப் பார்த்தேன். பிளாட்ஃபார்மின் சாட்டின் நடுவில் சீராகத் தேய்ந்திருந்தது. ஷாங்க் நேராக நின்றது. வலது பெருவிரல் நகம் இரண்டாவது மாதத்தில் விழுந்தது. அது எதிர்பார்த்ததுதான். பெருவிரல் நகம் முழுதாக வளர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை அந்த விரலுக்கு மெல்லிய உறை.

ஐந்தாவது மாதம் வலது பெருவிரல் நுனியில் மீண்டும் வலி. அதே புகார், அதே விரல். இந்த முறை அவளே சொன்னாள், மறைக்கவில்லை. தாய் நான் கேட்காமலே பழைய பாடத்தை ஒப்பித்தார்: அகலத்தைக் குறைக்கணுமா? காலைப் பார்த்தால் கதை வேறு. பாயிண்டில் குதிகாலில் கிள்ளத் துணியே இல்லை. ப்ளியேயில் பெருவிரல் முனையில் முட்டி மடங்கியது. விங்ஸ் நன்றாகக் கவ்வியிருந்தது, இடைவெளி இல்லை. கால் உண்மையிலேயே வளர்ந்திருந்தது. அகலம் அதே இரண்டு எக்ஸ், நீளத்தில் அரை சைஸ் கூட்டல். முதலில் செய்தபோது தவறாக முடிந்த அதே ‘பெரிய சைஸ்’ இந்த முறை சரியான பதில். வலி இருக்கும் இடம் ஒன்றாக இருந்தாலும் குதிகால் துணியும் ப்ளியேயும் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

கூடவே இன்னொரு சிக்கல். வலதுகால் வளர்ந்த வேகத்தில் இடது வளரவில்லை. இரண்டுக்கும் இப்போது 5 மி.மீ. வித்தியாசம். பாரம்பரிய பாயிண்ட் ஷூக்களில் இடது வலது என்று பெரும்பாலும் கிடையாது; இரண்டும் ஒரே அச்சு, போடப்போடத்தான் அந்தந்தக் காலின் உரு ஏறும். ஆனால் சைஸ் ஒன்றாகவே ஜோடியாக வரும். இரண்டு சைஸில் இரண்டு ஜோடி வாங்கிக் காலுக்கொன்று எடுத்துக்கொள்ளச் சொல்வது வீட்டுக்குச் சுமை. வெவ்வேறு சைஸில் ஒரு ஜோடி செய்துதரச் சிறப்பு ஆர்டர் கொடுத்தோம். அது வரும்வரை வலதுகாலுக்குப் பொருந்தும் ஜோடி. இடதில் அதே அகலத்தில் கால் இறங்காமல் இருக்கச் சற்றுத் தடித்த பேட். நிரந்தரத் தீர்வாக இதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மாறியவை

பொருத்தம் பார்க்க வருகிறவர்கள் கடைசியாகப் போட்ட ஜோடியையும் அதற்குள் வைத்த பேடையும் கழுவாமல் கொண்டுவர வேண்டும் என்று இப்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். அளவுத்தாளில் நிற்கும் அகலத்துக்குப் பக்கத்தில் அணைத்துப் பிடித்த அகலத்துக்கும் ஒரு கட்டம் சேர்ந்தது. இரண்டுக்கும் இடையே 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசமிருந்தால் ஒடுக்கமான அகலத்திலிருந்து தொடங்குகிறோம். முடிந்தவரை ஆசிரியரும் உடனிருக்கக் கேட்கிறோம். வர முடியாதவர்களிடம் வகுப்பில் ரெலவே ஏறுவதைப் பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் எடுத்த காணொளி போதும்.

ஆசிரியை தன் வகுப்பில் செய்த மாற்றம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. அந்தப் பெண் ஐந்து வாரம் வலியைச் சொல்லாமல் இருந்தாள். பாயிண்ட் என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று மூத்த மாணவிகள் சொல்லியிருந்தார்கள். இப்போது ஆசிரியை ‘வலிக்குதா?’ என்று கேட்பதில்லை, அதற்கு எல்லோரும் இல்லையென்றே சொல்வார்கள். ‘எங்கே வலிக்குது, காட்டு’ என்கிறார். உள்ளங்கால் தசை களைத்திருக்கிறது என்றால் வேலை நடந்திருக்கிறது. நகம், மூட்டு, குதிகால் தசைநார் என்றால் ஷூவைக் கழற்றச் சொல்கிறார். மாதம் ஒருமுறை பாரில் நிற்கவைத்து ஒவ்வொருவரின் குதிகால் துணியையும் கிள்ளிப் பார்க்கிறார். தன்னிடம் சொல்லாமல் பேடை மாற்றக் கூடாது என்பதும் வகுப்பு விதியாகிவிட்டது.

சிறப்பு ஆர்டர் ஜோடி வந்து, வலது இடது இரண்டிலும் ப்ளியேயும் கிள்ளலும் சரியாக இருந்தன. இடது ஷூவில் இருந்த தடித்த பேடை அன்றே எடுத்துவிட்டோம். அடுத்த அளவெடுப்பு மூன்று மாதம் கழித்து.